மறைத்த சிகரெட்டைத்தான் எல்லாரும் பார்க்கிறோம்

இலங்கைச் சனல்களில் தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன கூத்து. வில்லன் கதிரையில் சாய்ந்திருப்பார், வாய்க்குப் பக்கத்தில் ஒரு மங்கல் சதுரம் மிதக்கும், அவர் கையை அசைக்க அதுவும் பின்னாலேயே ஓடும், சில நேரம் எடிட் செய்தவர் கொஞ்சம் பிந்திவிட்டால் சிகரெட் ஒரு பக்கமும் சதுரம் மறுபக்கமுமாக நிற்கும். மூக்கால் வருகிற புகையை மட்டும் யாரும் மறைப்பதில்லை. போத்திலுக்கும் இதே மரியாதைதான். ஒருநாள் மூலையில் கார் உருட்டிக்கொண்டிருந்த என் மருமகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, அந்தாளின்ர கையில என்னத்தை மறைச்சு வச்சிருக்கினம்?" என்று கேட்டான். மறைக்காமல் விட்டிருந்தால் அவன் அந்தப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டான்.

இதைச் சொன்னதும் நான் சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். படத்தைப் பார்த்துப் பெடியள் புகைக்கப் பழகுகிறார்கள் என்பது வெறும் பெரியாக்களின் புலம்பல் இல்லை, அமெரிக்க அரசாங்கத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2012 அறிக்கையில், படங்களில் புகைப்பதைக் காட்டுவதற்கும் இளையவர்கள் புகைக்கப் பழகத் தொடங்குவதற்கும் காரண காரியத் தொடர்பு இருக்கிறது என்றே எழுதியிருக்கிறார். அதற்கு எத்தனையோ வருடம் முன்னமே சிகரெட் கொம்பனிகளுக்கு இது தெரியும். 1983இல் ஹொலிவூட் நடிகர் சில்வஸ்டர் ஸ்டலோன் ஐந்து படங்களிலாவது ஒரு கொம்பனியின் சிகரெட்டைப் பாவிக்கிறேன், அதற்கு ஐந்து லட்சம் டொலர் என்று எழுதிக்கொடுத்த கடிதம் பிறகு வெளியே வந்தது. பயன் இல்லாத இடத்தில் வியாபாரி அவ்வளவு காசைக் கொட்டுவானா? 1998இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்த உடன்படிக்கையில்தான் படத்துக்குள் சிகரெட் வைக்கக் காசு கொடுப்பதை அந்தக் கொம்பனிகள் நிறுத்த ஒப்புக்கொண்டன. அந்தக் கட்டுப்பாடு எனக்கு முழுச் சம்மதம், ஏனென்றால் அது விளம்பரம், கதை இல்லை.

தமிழ்ச் சினிமாவுக்குக் கொம்பனிக் காசு தேவைப்பட்டதா என்பது வேறு விஷயம். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, வாத்தியார் இல்லாத பாடத்தில் வெண்கட்டியைத் தூக்கிப் போட்டுப் பார்க்காதவன் எங்கள் வகுப்பில் இல்லை. பெரும்பாலும் அது கண்ணாடியில் பட்டு விழும், அல்லது பல்லில். 2002இல் தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ் இதற்காகவே ரஜினியை எதிர்த்து நின்றார், அவருடைய கட்சிக்காரர் தியேட்டர்களில் செய்த கலாட்டா எல்லாருக்கும் தெரியும். மகன் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரானதும் 2005இல் படத்தில் புகைக்கும் காட்சியே கூடாது என்று விதி கொண்டுவந்தார். அதை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தூக்கிப் போட்டது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இப்படி இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் 2012 ஒக்டோபரில் வந்து நின்ற இடம்தான் நாங்கள் இன்றைக்கும் பார்ப்பது: தொடக்கத்திலும் இடையிலும் எச்சரிக்கைப் படம், சிகரெட் தெரியும் நேரமெல்லாம் கீழே ஒரு வரி. 2013இல் அமெரிக்க இயக்குநர் வூடி அலன் தன் படத்துக்கு நடுவில் அந்த வரி ஓடக்கூடாது என்று இந்தியாவில் வெளியிடாமலேயே விட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு அந்த அளவு ரோஷம் எல்லாம் இல்லை, இந்திய அமைச்சு எழுதிய வரி கடல் தாண்டி எங்கள் போன் வரைக்கும் வந்துவிடுகிறது, நாங்களும் அதைக் கண்ணால் தள்ளிவிட்டுப் பார்க்கிறோம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது வேறு இடத்தில். இப்போது யாழ்ப்பாணத்தில் பெடியள் நிறையக் குறும்படம் எடுக்கிறார்கள். அதில் ஒருவன் அறுபதுகளின் ஊரை எடுக்கிறான் என்று வையுங்கள். செம்மண் தோட்டம் முழுக்கப் புகையிலை, பொச்சு மூட்டிப் புகை போடுகிற குடில், ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றுகிற கொட்டில், காதில் குறைச்சுருட்டைச் செருகிக்கொண்டு படலையடியில் நிற்கிற அப்பு. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் புகையிலைக் காசில் படித்தார்கள்! இதில் எதை மங்கலாக்குவது, அப்புவின் காதையா? மறைக்கச் சொல்கிற விதிக்கு அப்புவும் ஒன்றுதான், இசை முழங்க மெதுவாக நடந்துவந்து பற்றவைக்கிற கதாநாயகனும் ஒன்றுதான். பெடியனைக் கெடுப்பது அந்த மெது நடையும் இசையும், அதை எந்தச் சதுரத்தாலும் மறைக்க முடியாது.

இனி எங்கள் சந்திக் கடைக்கு வாருங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. 2015இலிருந்து பெட்டியின் 80 வீதத்துக்கு அழுகின வாயும் தொண்டையுமாகப் படம் போட்டிருக்கிறார்கள், உலகத்திலேயே பெரிய எச்சரிக்கைப் படங்களில் ஒன்று. நல்ல விஷயம். ஆனால் இங்கே பெட்டியாக வாங்குகிறவர் எத்தனை பேர்? "அண்ணை, ஒண்டு தாங்கோ" என்றால் அண்ணை லாச்சிக்குள் கையை விட்டு ஒன்றை உருவித் தருவார், லைட்டர் கம்பியில் நூல் கட்டித் தொங்கும், தேத்தண்ணியோடு அந்த இடத்திலேயே அலுவல் முடிந்துவிடும். அந்தப் பயங்கரப் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் கடைக்கார அண்ணை மட்டும்தான், அவர் பாவம் புகைப்பதும் இல்லை. முழுப் பெட்டிக்குக் காசில்லாத பள்ளிக்கூடப் பெடியனுக்கு ஒன்றுக்குக் காசிருக்கும்.

அரசாங்கம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்றால் இந்த உதிரி விற்பனையில் தொடங்கட்டும். சினிமாவில், புகைப்பதை ஸ்டைலாகக் காட்டுகிற படத்துக்கு வயதுச் சான்றிதழ் கொடுங்கள், எந்தப் புகையிலைக் கொம்பனியிடமும் காசு வாங்கவில்லை என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதற்கு மேல் காட்சிக்குள் வரவேண்டாம். சான்றிதழை இங்கே தியேட்டரில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். சரிதான், கைக்குழந்தையோடு எல்லாப் படத்துக்கும் போகிற ஆட்கள்தான் நாங்கள், வாசலில் நிற்கிறவரும் ரிக்கெட்டைக் கிழித்துவிட்டு உள்ளே விடுவார். அதைச் சரிப்படுத்த ஆள் வேண்டும், மெனக்கெட வேண்டும். உதிரி விற்பனையை நிறுத்தினால் கடைக்கார அண்ணைமாரும் கோபிப்பார்கள், வரி குறையும் என்று திறைசேரியும் யோசிக்கும். மங்கல் சதுரத்துக்கு ஒரு கொம்பியூட்டரும் அரை நாளும் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள், அதனால்தான் அது இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.