பாஸ்கா கால நாட்குறிப்பு, 2025

ஏப்ரல் 20, ஞாயிறு
ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் 40 நாள் என்றால், ஈஸ்டரான இன்று தொடங்கும் பாஸ்கா காலம் 50 நாள். ஜூன் 8, தூய ஆவியார் பெருவிழா வரை இது ஒரே கொண்டாட்டம். நோன்பில் அத்தனை கருத்தாக இருந்துவிட்டு, இன்றோடு எல்லாவற்றையும் கைவிடுவது பெரிய இழப்பு. தவக்காலத்தில் தொடங்கிய செபம், தர்மம் இரண்டில் ஒன்றையாவது தொடருங்கள். 325இல் கூடிய திருச்சபை ஆயர்களின் நிசேயா சங்கம், ஞாயிறுகளிலும் இந்த ஐம்பது நாள்களிலும் நின்றபடி செபிக்கச் சொன்னது. காலைச் செபத்தை வீட்டிலும் நின்றே சொல்லலாம். உயிர்ப்பில் உடலுக்கும் பங்கு உண்டு.

ஏப்ரல் 24, வியாழன்
விவிலியத்தின் கொலோசையர் திருமுகம், அதிகாரம் 3: கிறிஸ்துவோடு எழுந்தவர்கள் களைய வேண்டியவை, அணிய வேண்டியவை. சினம், சீற்றம், பழிச்சொல் என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் களையப் பார்த்தால் எதுவும் நடக்காது. ஒன்றை மட்டும் எடுங்கள். அது யாரிடம், எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அதே ஆளிடம், அதே நேரத்தில் பொறுமையைப் பழகுங்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு
உயிர்த்த இயேசு, தம் உயிர்ப்பை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்குக் காட்டிய உடலில் சிலுவைக் காயங்கள் அப்படியே இருந்தன. துக்க வீட்டில் நினைக்க வேண்டியது இதைத்தான். "அவர் விண்ணகத்தில் இருக்கிறார், அழாதீர்கள்" என்பது ஆறுதல் ஆகாது. இறந்துபோன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அழுதார். எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துயரப்பட வேண்டாம் என்றுதான் திருத்தூதர் பவுல் எழுதினார். துயரமே கூடாது என்று எழுதவில்லை. அடக்கத்தன்று வீடு நிறைய ஆள் இருப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு போங்கள். முதலில் கேளுங்கள். இறந்தவரைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். பலரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதுதான் அந்த வீட்டாரை அதிகம் வாட்டுகிறது.

மே 4, ஞாயிறு
யோவான் நற்செய்தி, அதிகாரம் 21. கரிநெருப்பருகே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீடர் பேதுருவுக்கு, உயிர்த்த இயேசு மூட்டிய மீண்டும் ஒரு கரிநெருப்பு. முதலில் உணவு, பிறகே கேள்வி, கடைசியில் பொறுப்பு. நம் ஒப்புரவுகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் படிக்கு முன்பே நின்றுவிடுகின்றன: மன்னிப்போம், வேலை எதுவும் தர மாட்டோம். ஆனால் பிறரைத் துன்புறுத்தியவர் விஷயம் வேறு. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே அங்கே முதலில்.

மே 11, ஞாயிறு
பவுலின் 1 கொரிந்தியர் திருமுகம், 15ஆம் அதிகாரத்தில் உயிர்ப்பைப் பற்றி 58 வசனங்கள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கமே எருசலேம் மக்களுக்கான நன்கொடை! வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப எடுத்துவைக்க வேண்டும். செலவு போக மிஞ்சியதைக் கொடுக்க நினைத்தால் மிஞ்சாது. ஞாயிறன்றே தனி உறையில் போட்டு, யாருக்கு என்பதையும் அதன்மேல் எழுதிவிடுங்கள்.