லீவு போட்ட நாயகன்

அமெரிக்காவின் பால்டிமோரில் வேலைக்குச் சேர்ந்தால் பேஸ்பால் வீரர் கேல் ரிப்கனிடமிருந்து தப்பிக்க முடியாது. நான் வேலை பார்த்த மருத்துவமனை லேபில், ரீஏஜென்ட் வைக்கும் ஃபிரிட்ஜ் கதவிலேயே அவர் படம் இருந்தது. ஒட்டியவர் எங்கள் சூப்பர்வைசர். பிறந்து வளர்ந்தது அதே ஊர், ரிப்கன் ஆடிய ஓரியோல்ஸ் அணி என்றால் உயிர். லீவு கேட்டுப் போனால் அந்த அம்மா முடியாது என்று சொல்ல மாட்டார். பேனாவால் படத்தை ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான்.

பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய தினமும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1982 மே 30-இல் தொடங்கி ஒன்றுகூட விடாமல் 2,632 ஆட்டங்கள் ஆடியவர் ரிப்கன். அதற்கு முன் பழைய தலைமுறை ஆட்டக்காரர் லூ கெரிக்கின் 2,130-தான் சாதனை. கெரிக்கை 1939-இல் நிறுத்தியது நோய். 1995 செப்டம்பர் 6 அன்று ரிப்கன் அதைத் தாண்டினார். ஐந்தாவது இன்னிங்ஸின் பாதியில், இனி நின்றுபோனாலும் செல்லும் என்று ஆட்டம் கணக்கில் சேர்ந்ததும், மைதானத்தை ஒட்டிய பழைய ரயில்வே கிடங்கின் சுவரில் தொங்கிய எண் 2131 ஆனது. கைதட்டல் 22 நிமிடம் ஓயவில்லை. சக ஆட்டக்காரர்கள் இருவர் பிடித்து பெஞ்சுப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிய பிறகுதான் மைதானத்தைச் சுற்றிவந்து ரசிகர்களுக்குக் கை கொடுத்தார். முந்தைய வருடம் ஆட்டக்காரர்கள் செய்த ஸ்டிரைக்கால், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரே நடக்காமல் போய் ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்த நேரம் அது.

சூப்பர்வைசருக்கு அந்த இரவுதான் எல்லாம். என்னைக் கேட்டால், ரிப்கனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய வருகைப் பதிவேடு இல்லை. ஆறடி நாலங்குல ஆள், ஷார்ட்ஸ்டாப். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே பாய்ந்து பந்து பிடிக்கிற இடம். சின்ன உடம்பும் வேகமான காலும் உள்ளவர்களுக்கானது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த வேகம் இவருக்கு இல்லை. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்சர் பந்து வீசுபவருக்குக் காட்டும் சைகையைப் பார்ப்பார். வரப்போகும் பந்து எது, பேட்டர் அதை எந்தப் பக்கம் தட்டுவார் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே ஓரடி நகர்ந்து நிற்பார். 1990 சீசன் முழுவதற்கும் ஃபீல்டிங்கில் மூன்றே மூன்று பிழைதான். டிவியில் பார்க்கிறவனுக்கு அந்த ஓரடி தெரியாது. லேபில் விடியற்காலை, நோயாளியின் ரத்தத்தை மெஷினில் ஏற்றும் முன் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரியை ஓட்டி, அளவு கொஞ்சம் சாய்ந்தால் அதைச் சரிசெய்வோமே, அதுவும் எந்த டாக்டருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது.

லீவே எடுக்காதவர்களால் வரும் சங்கடமும் எனக்குத் தெரியும். ரத்த உறைவு பார்க்கும் மெஷினை எங்கள் பிரிவில் ஒரே ஒருவர்தான் கட்டி மேய்த்தார். நல்ல மனிதர், ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. முழங்கால் ஆபரேஷனுக்காக அவர் படுத்த வாரம்தான் தெரிந்தது, வேறு யாரும் அதைத் தொட்டுப் பழகவே இல்லை என்று. மாதிரிகளைப் பெட்டியில் வைத்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ரிப்கனுக்கும் இந்தப் பேச்சு இருந்தது. பேட்டிங் சரிந்த வருடங்களில், சாதனைக்காக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், சுயநலம் என்றெல்லாம் எழுதினார்கள்.

அதனால்தான் எனக்கு 1998 செப்டம்பர் 20 பிடிக்கும். காயமில்லை, காய்ச்சலில்லை. ஆட்டம் தொடங்கச் சற்று முன் மேனேஜர் ரே மில்லரிடம் போய், இன்றைக்கு நான் இல்லை என்றார். ரிப்கன் அப்போது மூன்றாம் பேஸுக்கு மாறியிருந்தார். அந்த இடத்துக்கு ரயன் மைனர் என்ற புதுப்பையனை அனுப்பினார்கள். ரிப்கனுக்கு இது தெரியுமா என்று பையன் கேட்டாராம்! முதல் அவுட்டுக்குப் பிறகு எதிரணி யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெஞ்சிலிருந்து படியேறி வந்து நின்று கைதட்டினார்கள். வற்புறுத்தி வெளியே அனுப்ப யாரும் தேவைப்படாமல், பதினாறு வருடக் கணக்கை அவரே மூடினார். அப்புறம் 2001 வரை ஆடவும் செய்தார்.

ஊருக்குப் போக லீவு கேட்ட ஒருநாள், பேனா படத்தைத் தட்டுவதற்குள் இந்தக் கதையைச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அன்றைக்கு அவரைப் பார்க்கவென்றே டிக்கெட் எடுத்து வந்தவனிடம் போய்ச் சொல்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.