வாயு என்று விட்ட ஒன்றரை மணி நேரம்

அப்பாவுக்கு 61 வயது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்ப மாட்டார். அன்றைக்கு ஆறு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மழை இல்லை, ஆனால் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

“நெஞ்சு எரியுது மக்கா. ராத்திரி தின்ன மரச்சீனி செரிக்கல்ல.”

அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். சித்தப்பா வந்து முதுகைத் தடவினார். ஏப்பமும் வந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. எங்கள் வீட்டில் ஏப்பம் வந்தால் அது வாயு, அதற்கு மேல் பேச்சில்லை. இடதுகை கடுக்கிறது என்று அவர் சொன்னபோது மணி ஏழரை.

காரை எடு, நேரே திருவனந்தபுரம் போகலாம் என்றார் சித்தப்பா. நர்ஸாக இருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டேன். “அண்ணா, முதல்ல பக்கத்துல ஈசிஜி எடுங்க. பெரியப்பாவ நடக்க விடாதீங்க” என்று கத்தினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஈசிஜி தாளை ஒருமுறைதான் பார்த்தார். மாரடைப்பு என்றார். அப்பாவின் உள்ளங்கையில் 14 மாத்திரைகளைக் கொட்டினார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாடின் 8. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் கொடுப்பது இது. அடைப்பைக் கரைக்காது, ரத்தக்கட்டி மேலும் வளராமல் பிடித்து வைக்கும். அப்புறம் 108-இல் நாகர்கோவில்.

அவசரப் பிரிவில் மானிட்டர் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். “மக்கா, சிரட்டையில பால் அப்படியே கிடக்கு” என்றார் அப்பா. அடுத்த நொடி கண் மேலே செருகியது. குறட்டை மாதிரி ஒரு சத்தம். அசதியில் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார், ஸ்டூலில் ஏறினார், அழுத்த ஆரம்பித்தார். சினிமாவில் மெதுவாகத்தானே அமுக்குவார்கள்! இங்கே ஒவ்வொரு அழுத்தலுக்கும் அப்பாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் உள்ளே போனது. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. திரையில் கோடு, சின்னப் பிள்ளை கிறுக்கியது மாதிரி. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்குகிறது என்று அர்த்தமாம். ஷாக் கொடுத்தார்கள். கோடு மாறவில்லை. மறுபடியும் இரண்டு நிமிடம் அழுத்தல், மறுபடியும் ஷாக். இந்த முறை துடிப்பு வந்தது.

ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், நெஞ்சை யாரும் அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று டாக்டர் பிறகு சொன்னார். சித்தப்பா பேச்சைக் கேட்டிருந்தால் களியக்காவிளை நெரிசலில் இது நடந்திருக்கும். பின் சீட்டில் அப்பா குறட்டை விடுகிறார் என்று நான் பாட்டின் சத்தத்தைக் குறைத்திருப்பேன்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து, அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் எந்தச் சேலைக்கு அடியில் இருக்கிறது என்று தேடி எடுக்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. இப்போது அதன் படம் வீட்டில் எல்லார் போனிலும் இருக்கிறது.

விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. ஆறு வாரம் இருமவும் சிரிக்கவும் பட்ட பாட்டைத்தான் அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். மாரடைப்பைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மறுநாள் ஐசியூவில் கண் விழித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்:

“பால் எடுத்தியா?”

“இல்லப்பா. சிரட்டையிலேயே உறைஞ்சு ஒட்டுப்பாலாப் போச்சு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.