ஆடி மாசத்து ஜிம் குறிப்புகள்

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. காலை லேடீஸ் பேட்ச்சில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் நினைப்பெல்லாம் சாயங்காலம் தேங்காய் சுடுவதில்தான். தேங்காயின் கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுகிற நாள். சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

பேங்கில் வேலை பார்க்கும் அக்கா ஸ்குவாட்டுக்கு நடுவில் கேட்டார்: “மேடம், தேங்கா சாப்பிடலாங்களா?”

சாப்பிடாதீங்க என்றால் சாப்பிட்டுவிட்டு என்னிடம் மறைப்பார். அடுத்து எதைக் கேட்டாலும் மறைப்பார். “வழக்கமா எவ்வளவு சாப்பிடுவீங்க?” என்று கேட்டேன். ரெண்டு பத்தையாம், வருசத்துக்கு ஒரு தரம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தினமும் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறாரே, அதைப் பற்றி என்றைக்காவது அவராகவே வாய் திறப்பார்.

ஜூலை 21, திங்கள்

புதுசாக ஒருவர். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பற்றவைக்கிற வேலை. வந்ததும், “டயட் சார்ட் குடுத்துருங்க மேடம், அப்படியே ஃபாலோ பண்ணிடறேன்” என்றார். சார்ட் கேட்டு வருபவர்களை நிறையப் பார்த்தாயிற்று. புரோக்கோலியும் சால்மன் மீனும் போட்ட சார்ட் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் சால்மனுக்கு எங்கே போவது?

வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டேன். அம்மா. மளிகை வாங்குவது? அதுவும் அம்மா. நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன உள்ளே போனது என்று கேட்டேன். பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும், நாலு மணிக்குத் தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்கறித் துருவலும் வைத்தது), ராத்திரி பத்துக்குச் சோறு.

“அந்த நாலு மணி விசயத்தைப் பத்தி ஒண்ணு பேசலாங்களா?” என்றேன். கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். கேட்காமல் வருகிற அறிவுரை அவருக்கு வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. பேசலாம் என்றார்.

“சாப்பாட்டை மாத்தணும்ங்கற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கு?”

யோசித்து, “நாலு” என்றார்.

“ஏன், ரெண்டுன்னு சொல்லலையே?”

இந்தக் கேள்வி என் சரக்கில்லை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடியிலிருந்து மீள முயல்பவர்களோடு பேசுவதற்காக 1983இல் எழுதத் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக் சேர்ந்தார், 1991இல் இருவரும் புத்தகமாக்கினார்கள். ‘ஏன் எட்டு இல்லை’ என்று கேட்டால் ஆள் தன் சாக்குகளை அடுக்குவார். ‘ஏன் ரெண்டு இல்லை’ என்றால் தன் காரணங்களைச் சொல்வார். சொன்னார். மச்சானுக்குப் போன வருசம் ஸ்டென்ட் வைத்தார்களாம், மகள் இப்போதுதான் ஒண்ணாவது போகிறாளாம்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் செட்டுக்குப் பதிலா வேகவெச்ச கடலை பாக்கறேன்” என்று அவரே முடித்தார். தினமும் விடச் சொல்லலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடையது, நான் கூட்டினால் என்னுடையதாகிவிடும்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. ரிட்டயர்டு டீச்சரம்மா விரதம். சாயங்காலம் ஜவ்வரிசிப் பாயசத்தோடு முடிப்பாராம். ஜவ்வரிசி நம்ம ஊர்ச் சரக்குதான். ஆனால் 100 கிராமில் 350 கலோரிக்குக் கிட்டே, ஏறக்குறைய எல்லாம் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. இதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், “சுகர் மாத்திரை மட்டும் போட்டுட்டேன் கண்ணு” என்றார்.

டிரெட்மில் பக்கம் விடவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னேன்: கிளிமிபிரைடு. சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்குகிற வகை. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, மயக்கம் வரை போகும். விரதத்தை விடச் சொல்வதோ மாத்திரையை நிறுத்தச் சொல்வதோ என் வேலை இல்லை. அவர் போனிலிருந்தே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். உடனே சாப்பிடச் சொன்னார் டாக்டர். பாலும் வாழைப்பழமும் ஆயிற்று. அடுத்த வெள்ளிக்கு என்ன செய்வது என்பதை அவர்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

ஜூலை 28, திங்கள்

காலேஜ் பெண் ஒருத்தி நாலு நாளாகச் சோறு தொடவில்லை, ரெண்டு கிலோ குறைந்ததென்று துள்ளுகிறாள். பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் ஒரு கிராம் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரைந்தால் தண்ணீரும் போகும். சொன்னேன், முகம் வாடியது. தனியாகக் கூப்பிட்டு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கேட்டேன். மூணு மாசமாக இல்லை. அதற்கு மேல் என்னிடம் டயட் பேச்சே கிடையாது, டாக்டரிடம் அம்மாவோடு போகச் சொல்லிவிட்டேன். எடை மெஷின் பக்கம் அவளைக் கூட்டிப் போவதும் இனி இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

கொலுசுப் பட்டறைக்காரரின் அம்மா வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஜிம்முக்கே வந்துவிட்டார். “நீதான் என் பையனை ராத்திரி சோறு திங்க வேண்டாம்னு சொன்னியா சாமி?”

நான் சொல்லவில்லை. மகன் யூடியூபில் பார்த்திருக்கிறார், பழி என் மேல். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்டேன். அஞ்சு பேருக்கு ஏறத்தாழ 100 கிராம். அதில் புரதம் 22 கிராம் சொச்சம், ஆளுக்கு நாலரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 0.83 கிராம் வேண்டும், எழுபது கிலோ ஆளுக்கு 58. மிச்சத்துக்கு எங்கே போவது என்று அந்தம்மாவிடமே கேட்டேன். புரோட்டீன் பவுடர் டப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

“முட்டை ரெண்டு வெச்சுத் தரலாம். தட்டப்பயறு இருக்கு. கொள்ளு கடையலாம், ஆனா இவன் தொட மாட்டான்.”

மகன் டம்பெல் ரேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொள்ளு ரசம்?”

“அது குடிப்பான்.”

“அடியில நிக்கற பயறையும் சேத்துப் போடுங்கம்மா, வெறும் தண்ணியில ஒண்ணுமில்ல.”

சோற்றை யாரும் நிறுத்தவில்லை. பத்து மணிச் சாப்பாடு எட்டரைக்கு வரும், பட்டறையை அதற்குள் சாத்த வேண்டும் என்பது அம்மா போட்ட கண்டிசன். அடுத்த வாரம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஜிம் லீவு. அது முடிந்து வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார் மகன்.