இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு வார இறுதி

ஜூன் 10, புதன்

"எங்கேயும் கூட்டிட்டுப் போகலை" என்ற புலம்பல் வீட்டில் உச்சத்துக்குப் போய்விட்டது. லீவு கிடைத்தால் பணம் இல்லை, பணம் இருந்தால் லீவு இல்லை. எங்கள் வீட்டு நிரந்தரக் கதை. சரி என்று வரைபடத்தைத் திறந்து, இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டும் பார்த்தேன். ஒரு குன்று, அதன் அடிவாரத்தில் ஏரி. பெயர் பெற்ற இடம் இல்லை. தங்குமிடம் மலிவாக இருப்பதும் அதனால்தான்.

"அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றார் இவர். ஒன்றுமில்லை, அதுதான் விசேஷமே என்றேன்.

ஜூன் 11, வியாழன்

வெள்ளி, சனி இரவுகளுக்கு அறை கேட்டால் ஒரு வாடகை. அதே அறையை சனி, ஞாயிறு இரவுகளுக்குக் கேட்டால் நன்றாகவே குறைகிறது. ஞாயிறு மாலையோடு கூட்டம் மூட்டை கட்டிவிடும் அல்லவா. திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தூரமாகப் போகலாமே என்று இவர் இன்னும் இழுக்கிறார். போக பத்து, வர பத்து என்றால் 48 மணி நேர வார இறுதியில் 20 மணி நேரம் வண்டிக்குள்ளேயே போய்விடும். மிச்சத்திலும் பாதி தூக்கம். இதைச் சொன்னதும் பேச்சு நின்றது.

ஜூன் 13, சனி

வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தாயிற்று. இறங்கியதும் அத்தை பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். மலை என்றால் குளிரும் என்பது அவர் கணக்கு. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும், அவ்வளவுதான். இந்தக் குன்று நானூறு மீட்டர்கூடத் தேறாது. உச்சிக்கே போனாலும் இரண்டரை டிகிரி குறைந்தால் அதிகம். ஸ்வெட்டர் மறுபடி பைக்குள் போனது.

பகலில் எங்கும் அலையவில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும்வரை மரத்தடியை விட்டு வெளியே வரக்கூடாது என்று பாப்பாவுக்கு ஒரு விதி போட்டிருந்தேன். அரை மணிக்கொரு தடவை வெளியே ஓடி, நிழலைக் காலால் அளந்துவிட்டு வந்தாள். அவள் உயரத்தைத் தாண்டி நிழல் நீண்டதும் ஒரே கூச்சல், அப்புறம் நேராக ஏரிக்கரைதான். இவர் கொஞ்சம் ஆழத்தில் நீந்திவிட்டு வந்து, மார்புவரை வெந்நீர், கால் பக்கம் ஐஸ் என்றார். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலேயே நிற்கும். கனமான குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். அலை அடிக்காத ஏரியில் இரண்டும் அவ்வளவாகக் கலப்பதில்லை.

ராத்திரிதான் அசல் பயணம். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தோம். மொட்டை மாடியில் பாய் விரித்து, விளக்கையும் போனையும் அணைத்தோம். முதல் ஐந்து நிமிடம் "ஒண்ணும் தெரியலையே" என்ற முணுமுணுப்பு. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரமாவது பிடிக்கும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பொறுத்துக்கொண்டோம். வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளைகிற போக்கிலேயே கண்ணை ஓட்டினால் பொன்னிறத்தில் சுவாதி, அதே வளைவில் இன்னும் போனால் வெள்ளையாகச் சித்திரை. தெற்கே தேளின் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை.

"அத்தனை வருஷமா பஞ்சாங்கத்துல படிக்கிறேன், இன்னைக்குத்தான்டி நேர்ல பார்க்கிறேன்" என்றார் அத்தை. அவருடைய நட்சத்திரம் கேட்டை. அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர ஐந்நூறு வருடங்களுக்கு மேல் ஆகும் என்று சொன்னேன். "என்னைவிட மெதுவா நடக்குது போல" என்று சிரித்தார்.

ஜூன் 14, ஞாயிறு

மத்தியானம்வரை கூட்டம், பாட்டுச் சத்தம். மாலை நான்கு மணிக்கு மேல் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆறு மணிக்குக் கரை மொத்தமும் எங்களுக்கு. நாள் முழுக்க வெயிலில் மூடிக் கிடந்த காரை நாங்கள் தொடக்கூட இல்லை. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். அதில் உட்கார்ந்து "இன்னொரு ஸ்பாட்" பார்க்கக் கிளம்புவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஒரு ஊர், ஒரு ஏரி, போதும்.

ஜூன் 16, செவ்வாய்

செலவைக் கூட்டிப் பார்த்தேன். அறை வாடகையும் பெட்ரோலும்தான் பெரிசு, மற்றதெல்லாம் சில்லறை. அடுத்த தடவை பஸ்ஸில் போனால் இரண்டாவதும் குறையும் என்றேன். பஸ்ஸானாலும் சரி, தன் தலையணை கூட வந்தாக வேண்டும் என்கிறார் அத்தை. ஸ்வெட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.