மருதப்பட்டினத்துக்கு ஒரு மால்

குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவே, எந்த வரைபடத்திலும் காணக் கிடைக்காத மருதப்பட்டினம் என்ற ஊரை நான் சில ஆண்டுகளாகத் தாளில் வளர்த்து வருகிறேன். பகலில் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் பிறருடைய வீடுகளுக்குப் படம் போடுகிறவனுக்கு, இரவில் யாரும் திருத்தம் கேட்காத ஓர் ஊர் தேவைப்படுகிறது. வடக்கே காவிரி, நடுவில் நான்கு தேர்வீதிகள் சூழ்ந்த கோயில், கிழக்கே பேருந்து நிலையம், இரண்டுக்கும் இடையே ஒரு பாசன வாய்க்கால், மூன்று லட்சம் மக்கள். இந்த அளவுக்கு வளர்ந்த ஊர் இன்று மால் இல்லாமல் இருக்காது என்பதால், அதையும் வரைந்தே தீர வேண்டியதாயிற்று.

முழுவதும் மூடி, குளிரூட்டி, வெளியுலகை மறக்கச் செய்யும் மாலின் மூலவடிவம், வியன்னாவில் பிறந்த விக்டர் குரூவன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்ட சவுத்டேல். அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், ஏரிக்கரைப் பூங்கா எல்லாம் அமைய வேண்டும் என்று அவர் திட்டமிட்டிருந்தார். ஆனால் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றது கார் நிறுத்தும் மைதானம்தான். பிற்காலத்தில் அவரே தம் பெயரால் பெருகிய மால்களைத் தம்முடையவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார். உறைபனிக் குளிரில் நடுங்கும் ஊருக்குப் பொருந்திய அந்தப் பெட்டியை, வேட்டியும் துண்டுமாக மக்கள் வெயிலில் நடமாடும் ஊர்களில் அப்படியே இறக்கி வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே மருதப்பட்டினத்து மாலை ஒரு கட்டடமாக அல்லாமல், பேருந்து நிலையத்திலிருந்து கீழவீதிக்குச் செல்லும் வழியாகவே வரைந்தேன். வழக்கமான மாலில் இரு கோடிகளிலும் ஒவ்வொரு பெருங்கடையை வைத்து, அவற்றுக்குச் சதுர அடி வாடகையைக் குறைத்துக் கொடுத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பவர்களை நம்பி இடையிலுள்ள சிறு கடைகளிடம் கூடுதலாக வாங்குவார்கள். என் மாலில் அந்த இரு கோடிகளையும் ஊரே தந்துவிடுகிறது: ஒரு பக்கம் பேருந்து, மறு பக்கம் சாமி. கும்பகோணத்தில் ஆதிகும்பேஸ்வரர் கோயிலுக்குள் போகும் நீண்ட மண்டபத்தின் இருபுறமும் கடைகள் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய யோசனையாகத் தோன்றாது. வாங்க வந்தவரும் வாங்காமல் கடந்து போகிறவரும் அங்கே ஒரே நிழலில்தான் நடக்கிறார்கள். படத்தைப் பார்த்த என் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளே வந்தவ எல்லாம் ஏதாவது வாங்கித்தான் ஆகணுமாடா தம்பி?" அதற்கு விடையாக, இரண்டு கடைகளுக்கு ஒரு திண்ணை போட்டிருக்கிறேன். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு வேன் நிறைய ஆள் வந்தால், புடவையைப் பிரித்துப் பார்ப்பவர்கள் நாலு பேர்; மற்றவர்கள் காத்திருக்கிறவர்கள். அவர்களுக்கு உட்கார இடம் தராத கடைத்தெருவை டெல்டாவில் கட்டுவதில் பொருளே இல்லை.

அடித்தளத்தில் கார் நிறுத்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கையெட்டும் ஆழத்துக்கு நிலத்தடி நீர் ஏறிவிடும் வண்டல் மண்ணில் பள்ளம் தோண்டிவிட்டு, பிறகு ஆண்டு முழுவதும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது. தரைமட்டத்தைச் சாலைக்கு மேல் நான்கரை அடி உயர்த்தியிருக்கிறேன். இதை அதிகம் என்பவர்கள், பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வாசல்படி பள்ளமாகிப்போன வீடுகள் தம் தெருவில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளலாம். வாய்க்கால்தான் எனக்குப் பெரிய தலைவலி. ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்ட பின் மாதக்கணக்கில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். வறண்ட வாய்க்காலைக் கடைக்காரர்கள் சாக்கடையாக்க ஒரு பருவம் போதும். மூடிவிட்டால் தூர்வார முடியாது. ஆகவே திறந்தே விட்டு, கழிவுநீர்க் குழாயை எதிர்ப்புறச் சுவரோடு தனியே கொண்டுபோயிருக்கிறேன். மழைநீர் மட்டும் வாய்க்கால் வழியாகக் கோயில் குளத்தைச் சேரும்.

குளிர்ச்சிக்கு ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் வளாகத்தைப் பின்பற்றலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், கறையான் புற்றை முன்மாதிரியாகக் கொண்டு, வழக்கமான குளிர்சாதனம் இல்லாமல், இரவுக் குளிர்காற்றைக் காங்கிரீட்டில் தேக்கிப் பகலில் பயன்படுத்துகிறது. ஆனால் ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் நன்றாகக் குளிரும் ஊர். சித்திரை இரவில் விசிறியோடு புழுங்கும் நமக்கு அந்த வித்தை பலிக்காது. நமக்கு வாய்த்தது மாலைக் கடற்காற்று ஒன்றுதான். எனவே வழியைக் கிழக்கு மேற்காக நீட்டி, கூரையை உயர்த்தி, இடையிடையே முற்றங்களைத் திறந்துவிட்டேன். குளிர்சாதனம் கடைகளுக்குள் மட்டும்.

தீயைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தீப்பிடித்த பள்ளியின் கீற்றுக்கூரையும் குறுகிய படிக்கட்டும் 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோன பிறகு, இந்த மாவட்டங்களில் படம் போடுகிறவன் எவனும் முதலில் வரைய வேண்டியது வெளியேறும் வழியைத்தான். மாடி ஒன்றோடு நிறுத்திவிட்டேன். படிகள் எல்லாம் திறந்த வெளியில் இறங்குகின்றன. திரையரங்கு மாடியில் வேண்டும் என்பவர்கள் வேறு ஊர் வரைந்துகொள்ளட்டும்.

எஞ்சியிருப்பது வாடகை. தாளில் கோடு போட்டுவிட்டால் ஊர் நடந்துவிடாது என்பதால், ஒப்பந்தத்தையும் எழுதிப் பார்த்தேன். பெருநகர மால்களில் குறைந்தபட்ச வாடகை ஒன்றை வைத்து, விற்பனையில் ஒரு பங்கு அதைவிட அதிகமானால் அந்தப் பங்கை வாங்குவது பரவலான முறை. டெல்டாவில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை, நெல்லாக வருகிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து குறுவை நெல் கைக்கு வந்தால், கொள்முதல் நிலையத்துப் பணம் தீபாவளி ஜவுளியாக மாறும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை தள்ளிப்போயிற்று. பம்ப்செட் வைத்திருப்பவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்கள் சம்பா அறுத்து, தை, மாசியில்தான் பாத்திரக்கடைக்கும் நகைக்கடைக்கும் படியேறுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. இவற்றையெல்லாம் கணக்கில் கொள்ளாமல் பன்னிரண்டு மாதமும் ஒரே வாடகை கேட்டால், முதலில் வெளியேறுபவர் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கிறவராகவும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை வெளியூர் நிறுவனங்களாகவும்தான் இருக்கும்.

ஆகவே என் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வாடகை ஆண்டுக்கு இரண்டே தவணை: தீபாவளி கழிந்ததும் ஒன்று, பங்குனி முடிவில் ஒன்று. ஜூன் மாதத்துக்குள் மேட்டூர் திறக்காத ஆண்டில் முதல் தவணை பாதியாகும். அந்த மீதிப் பாதி பங்குனித் தவணையோடு வட்டியின்றிச் சேரும்.