பச்சைக் கறை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ஏழு பேருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் அறைப் பாட்டியின் படுக்கைப் புண்ணில் பழைய கட்டைப் பிரித்தால் துணியெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கறை. கூடவே தித்திப்பான ஒரு வாடை. சூடோமோனாஸ் கிருமி என்றது மனம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்தேன். மேலே தேங்கிய சீழை அல்ல. சலைன் உப்புநீரால் கழுவிய பிறகு, சதையில் பஞ்சுக்குச்சியை அழுத்திச் சுழற்றி எடுத்ததை. சீழில் கண்ட கிருமியும் இருக்கும்.

பாட்டிக்குக் காய்ச்சல் இல்லை. இந்த வயதில் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. நேற்றிலிருந்து என்னைத் தன் மகள் என்று நினைத்துப் பேசுகிறார். முதியவர்களுக்குத் தொற்று இப்படிக் குழப்பமாகவும் தலைகாட்டும். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மார்ச் 5, புதன்

ஆறாம் அறைத் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். அதிலும் இன்று அதே பச்சை. அதையும் கல்ச்சருக்கு அனுப்பினேன்.

பாட்டி கட்டிலை விட்டு இறங்குவதில்லை. தாத்தா பெண்கள் பக்கம் வருவதே இல்லை. இரண்டு பேரிடமும் போய் வருவது நாங்களும் எங்கள் டிராலியும்தான்.

மார்ச் 6, வியாழன்

இன்று நான் கட்டுப் போடவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கையுறை போட்டாள், பழைய கட்டைப் பிரித்தாள். அதே கையுறையோடு டிராலியின் இழுப்பறையைத் திறந்தாள். அதே கையால் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தாள்; ஓரமெல்லாம் சாம்பல் நிறம் ஏறிய, ஏழு பேருக்கும் பொதுவான சுருள். சலைன் பாட்டில் நேற்றுக் காலை திறந்தது. மூடியில் குத்திய ஊசி அப்படியே நிற்கிறது, பாட்டிலை அமுக்கிப் பீய்ச்சினாள். கத்தரிக்கோலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. ஒன்று விடாமல் நான் கற்றுக்கொடுத்தவை. கையுறை என் கையைக் காப்பாற்றியது, நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

இரண்டு முடிவுகளிலும் சூடோமோனாஸ். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனதா என்பதை இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. சொல்ல முடியாவிட்டால் போகட்டும் என்று பாட்டிலையும் சுருளையும் எறிந்தேன்.

ஆளுக்கொரு 100 மில்லி பாட்டில் கேட்டதற்கு மேலாளர் கணக்குப் பார்த்தார். இரண்டு பேருக்கும் எழுதியிருக்கும் மருந்தின் விலையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

டிராலி இனி வராந்தாவைத் தாண்டி உள்ளே வராது. தேவையானதை மட்டும் தட்டில் எடுத்துப் போகிறோம். பழைய கட்டு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு. பிறகு 20 முதல் 30 விநாடி கையில் கிருமி கொல்லும் மருந்து தேய்த்து, புதுக் கையுறை, புதுக் கட்டு. சுத்தமான புண்கள் முதலில், பச்சை இரண்டும் கடைசியில். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, இன்று இரண்டேகால் ஆனது.

தாத்தாவுக்குக் கோபம். "தினமும் என்னிடம்தானே முதலில் வருவாய், இப்போது கடைசியில் தள்ளிவிட்டாயே அம்மா?"

"உங்கள் காலில் இருப்பது இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது தாத்தா."

சற்று யோசித்தார். "அப்படியானால் எனக்கு அது யாரிடமிருந்து வந்தது?"

கையில் மருந்து காய்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே நின்றேன்.